உள்சாலைகளில் நீண்ட பைக் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, வயல், காடு, மலைச்சரிவு என்று சுற்றிப் போகும் சின்னச் சாலைகளில் நாலைந்து நாள் பைக்கில் போய்வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பல வருடம் இப்படிச் சுற்றியதில் நான் கற்றுக்கொண்டதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எந்த ஊரில் இருந்து கிளம்பினாலும் பொருந்தும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலானோர் கோட்டை விடுவதும் இங்கேதான். நெடுஞ்சாலையில் ஒரே நாளில் 500 கிலோமீட்டர் ஓட்டிய தெம்பில் உள்சாலைக்கும் அதே கணக்கைப் போட்டால் கட்டாயம் உதைக்கும்.

கிலோமீட்டரை மறந்துவிட்டு மணி நேரத்தில் யோசியுங்கள். ஸ்பீடோமீட்டர் முள் 60-இல் நின்றாலும், வளைவு, வேகத்தடை, குறுக்கே வரும் ஆடு மாடு, வழி தவறித் திரும்பியது எல்லாம் சேர்ந்து உள்சாலையில் சராசரி வேகம் மணிக்கு 35 முதல் 40 வரைதான் வரும். மலைச் சாலை என்றால் 25. ஒரு நாளில் வண்டி மேல் உட்கார்ந்திருப்பது ஆறு மணி நேரம் என்று வையுங்கள். சமவெளியில் 200 கிலோமீட்டர், மலையில் 150. அவ்வளவு போதும்.

"இவ்வளவு குறைவா?" என்று தோன்றும். ஆனால் நல்ல காட்சியைப் பார்க்கத்தானே இந்தச் சாலைக்கே வருகிறோம்? இன்னும் 180 கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது என்ற நினைப்பு மண்டையில் ஓடிக்கொண்டிருந்தால் வண்டியை ஓரங்கட்ட மனசே வராது. என்னுடைய முதல் பயணத்தில் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க மேகம் இறங்கி நின்ற காலை வேளையை ஓடும் வண்டியிலிருந்தே பார்த்துக்கொண்டு போனேன். அன்றைக்கு 340 கிலோமீட்டர் போட்டிருந்தேன். நிற்காமல் போனது இன்றுவரை உறுத்துகிறது.

தொடர்ந்து மூன்று நாள் ஓட்டினால் நான்காம் நாளைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். சோர்வு வட்டி போட்டுச் சேர்ந்துகொண்டே போகும்.

நல்ல சாலையை வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

போனில் இருக்கும் மேப் செயலி எப்போதும் வேகமான வழியைத்தான் காட்டும். நமக்கு அது வேண்டாம். நெடுஞ்சாலைகளைத் தவிர்க்கும்படி அமைத்துவிட்டு, பிறகு கண்ணால் தேட வேண்டும்.

முதலில் நீரைத் தேடுங்கள். ஆற்றை ஒட்டியோ, ஏரிக்கரையிலோ போகும் சாலை பெரும்பாலும் ஏமாற்றாது. ஆற்றின் இரு கரையிலும் சாலை இருந்தால், அகலம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். லாரிகள் மற்றதில் போகும்.

அடுத்தது உயரக் கோடுகள். மலைகளைக் காட்டும் வரைபடத்தில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து மெல்லிய கோடுகள் போட்டிருப்பார்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சரிவு மெதுவாக இருக்கும். சாலை அந்தக் கோடுகளோடு ஒட்டியே போனால் மலையிடுப்பில் சமமாகப் போகிறது, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு திறந்திருக்கும். கோடுகளை வெட்டிக்கொண்டு குறுகிய இடத்தில் வளைந்து வளைந்து ஏறினால் கொண்டை ஊசி வளைவுகள் வரப்போகின்றன. இதைப் படிக்கப் பழகிவிட்டால், வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு சாலை எப்படி இருக்கும் என்று மனக்கண்ணில் பார்த்துவிடலாம். பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ராத்திரி உட்கார்ந்து வரைபடம் படிக்கும் இந்த வேலைதான்.

சாலையின் தரத்தை அறிய இரண்டு வழி. ஒன்று, செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தார் சாலை சாம்பல் நிறத்தில் ஒரே சீராகத் தெரியும், மண் சாலை பழுப்பாக, ஓரம் சிதைந்து தெரியும். இரண்டு, 2004-இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்களே வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அதில் பல சாலைகளுக்கு மேற்பரப்பு தாரா, ஜல்லியா, மண்ணா என்று குறித்திருப்பார்கள்.

சூரியன் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் ஓட்டினால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். வட்டமாகப் போய்த் திரும்பும் பயணம் என்றால், எந்தத் திசையில் சுற்றுவது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

போனில் மேப் இருக்கிறதே, வேறு எதுவும் வேண்டுமா?

உள்சாலையில் சிக்னல் போய்விடும். அதனால் போகும் பகுதி முழுவதையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வரைந்த வழியை ஜிபிஎக்ஸ் கோப்பாக (வழித்தடத்தைச் சேமிக்கும் பொதுவான கோப்பு வகை) சேமித்தால் பல மேப் செயலிகளில் திறக்கலாம், செயலி தன் இஷ்டத்துக்கு வழியை மாற்றாது.

அப்புறம், ஒரு துண்டுச் சீட்டு. அன்றைய நாளின் ஊர்ப்பெயர்களையும் திருப்பங்களையும் பெரிய எழுத்தில் எழுதி டேங்க் மேல் ஒட்டிக்கொள்வேன். மழையில் போன் திரை விரலுக்குப் படியாதபோது அந்தச் சீட்டுதான் வழி காட்டியிருக்கிறது.

ஹேண்டில்பாரில் போனை மாட்டுபவர்கள் கவனிக்க: பைக் என்ஜினின் அதிர்வு கேமராவைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் மவுண்ட் வாங்குங்கள், அல்லது போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு வழியைக் காதில் கேளுங்கள்.

இதற்குப் பெரிய சிசி வண்டி வேண்டுமா?

வேண்டாம். 40-இல் ஓட்டும் சாலைக்கு 100 குதிரைத்திறன் எதற்கு? குறுகிய சாலையில் யு-டர்ன் அடிக்கவும், சேற்றில் சாய்ந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தவும் எடை குறைந்த வண்டிதான் வசதி. கைக்குப் பழகிய, நன்றாகப் பராமரித்த 125 சிசி வண்டியே போதும். உயரமான மலைக்குப் போனால் மட்டும் ஒன்று: ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் டர்போ இல்லாத என்ஜின் ஏறக்குறைய 10 சதவீதம் இழுவையை இழக்கும். பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தால் சின்ன வண்டி திணறும்.

கிளம்பும் முன் வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்?

சர்வீஸுக்கு விட்டு எடுத்த கையோடு கிளம்பாதீர்கள். ஒரு வாரம் முன்பே விட்டு, நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். ஒருமுறை சர்வீஸ் முடிந்த மறுநாளே கிளம்பி, 60-வது கிலோமீட்டரில் பின் சக்கர நட்டு தளர்ந்திருப்பதைக் கண்டேன். செயின் ஒரு பக்கமாக உரசும் சத்தம் காட்டிக்கொடுத்தது, இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

டயரிலிருந்து ஆரம்பியுங்கள். பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் பழசாகி இறுகியிருந்தால் ஈரத்தில் வழுக்கும். டயரின் பள்ளங்களுக்குள் தேய்மானத்தைக் காட்டும் சிறு மேடுகள் இருக்கும். மேல்பரப்பு அந்த மேட்டைத் தொடும் நிலைக்கு வந்துவிட்டால் பயணத்துக்கு முன்பே மாற்றுங்கள்.

அடுத்து செயின். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில் கீழ்ச்செயினை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பல சாலை வண்டிகளுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கலாம். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமும் வேறிடத்தில் தொளதொளப்புமாக இருந்தால் செயின் சீராகத் தேயவில்லை என்று பொருள். இறுக்கிச் சரிசெய்ய முடியாது, செயினையும் பல்சக்கரங்களையும் செட்டாக மாற்ற வேண்டியதுதான். பயணத்தில் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். ராத்திரி வண்டியை நிறுத்தியதும், செயின் சூடாக இருக்கும்போதே விட்டால் உள்ளே நன்றாக இறங்கும், விடிவதற்குள் நிலைத்துவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மலைக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள். கிளட்ச் கேபிளின் முனையில், லீவரை மாட்டும் இடத்தில், ஒரு இழை பிரிந்திருந்தாலும் அது அறுகிற கேபிள். புதியதை வாங்கி, பழைய கேபிளை ஒட்டியே இழுத்துக் கட்டி வைத்துவிடுங்கள். வழியில் அறுந்தால் இரண்டு முனையை மட்டும் மாற்றி மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம்.

பெட்ரோல் எங்கே போட வேண்டும் என்று எப்படித் திட்டமிடுவது?

டேங்க் 12 லிட்டர், மைலேஜ் 40 என்றால் காகிதத்தில் 480 கிலோமீட்டர் வரும். ஏற்றம், சுமை, முதல் இரண்டு கியரிலேயே ஊர்வது என்று நான்கில் ஒரு பங்கைக் கழியுங்கள், 360 ஆகும். அதில் பாதி தீர்ந்ததும், அதாவது 180-இல், கண்ணில் படும் முதல் பெட்ரோல் பங்கிலேயே போட்டுவிடுங்கள். அடுத்த பங்கில் இருப்பு இல்லாமல் போகலாம், மூடியிருக்கலாம். டேங்க் நிரப்பும்போதெல்லாம் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பஞ்சர் ஆனால்?

டியூப்லெஸ் டயர் என்றால் கவலையே இல்லை. ஆணியைப் பிடுங்கி, துளையை அரம் போன்ற ஊசியால் சொரசொரப்பாக்கி, பசை தடவிய பட்டையைச் செருகி, காற்றடித்தால் பத்து நிமிட வேலை. கிளம்பும் முன் ஒரு பழைய டயரில் இரண்டு தடவை செய்து பழகுங்கள். பட்டையைச் செருகுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது கையால் செய்து பார்த்தால்தான் தெரியும். கம்பிச் சக்கரங்களில் பெரும்பாலும் டியூப்தான் இருக்கும். அதற்கு மாற்று டியூப்பும் டயர் லீவரும் எடுத்துச் செல்லுங்கள். சிறிய காற்றடிக்கும் பம்ப் இரண்டுக்குமே வேண்டும்.

சாமான்களை எப்படிக் கட்டுவது?

கனமானவை கீழே, நடுவில், வண்டியை ஒட்டி. லேசானவை மேலே, பின்னால். பின் கேரியரின் கடைசியில் கனத்தை வைத்தால் முன்சக்கரம் லேசாகி, வளைவில் ஹேண்டில் மிதப்பது போல இருக்கும். சுமை ஏற்றியதும் கையேட்டில் சொன்ன அளவுக்குப் பின் டயரில் காற்றைக் கூட்டுங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து. பை, கயிறு எதுவும் செயினையோ சைலன்சரையோ தொடக்கூடாது. தொங்கும் கயிற்று நுனி சக்கரத்தில் சுற்றினால் வண்டி அங்கேயே பூட்டிக்கொள்ளும். கட்டி முடித்து 10 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள், எப்படியும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

என்ன உடுத்துவது?

முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, முழங்கையிலும் முட்டியிலும் தடுப்பு வைத்த ஜாக்கெட்டும் பேண்டும். வேகம் குறைவு என்பதற்காக இதில் எதையும் விடாதீர்கள். கீழே விழுந்தால் கை தானாகவே முன்னால் போகும், அதனால் கையுறை இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

குளிரைக் கணக்கில் எடுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், அதற்கு மேல் எதிர்காற்று வேறு. விரல் விறைத்தால் பிரேக் பிடிப்பது தாமதமாகும். நடுக்கம் வந்த பிறகு உடுத்துவதைவிட, மலையடிவாரத்திலேயே நிறுத்தி ஒரு அடுக்கு கூடுதலாகப் போட்டுக்கொள்வது நல்லது. வெயிலில் இதற்கு நேர்மாறான ஆபத்து: காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் உடம்பில் நீர் குறைவதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தண்ணீர் குடியுங்கள்.

ஜல்லி, மணல், சேறு வந்தால் எப்படி ஓட்டுவது?

பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதுதான் முதல் தவறு. தளர்ந்த தரையில் முன்சக்கரம் கொஞ்சம் இங்கும் அங்கும் அலையும், அலையட்டும். கையைத் தளர்த்தி, முட்டியால் டேங்கைக் கவ்விப் பிடித்து, ரேஸைச் சீராக வைத்தால் வண்டி தன் வழியைத் தானே பிடித்துக்கொள்ளும். மேடுபள்ளம் அதிகமானால் ஃபுட்ரெஸ்ட் மேல் லேசாக எழுந்து நின்று, முட்டியை மடித்து ஓட்டுங்கள். ஜல்லியில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கவே கூடாது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் வசதி) இருந்தாலும் ஜல்லியில் நிற்கும் தூரம் கூடும், ஆகவே வேகத்தை முன்னதாகவே குறையுங்கள்.

ஆபத்தான இடம் முழு மண் சாலைகூட இல்லை, நல்ல தார் சாலையின் வளைவில் சிதறிக் கிடக்கும் ஒரு பிடி ஜல்லி. மண் பாதைகள் வந்து சேரும் இடத்திலும், லாரிகள் திரும்பும் உள்வளைவிலும் அது கிடக்கும். அதனால்தான் வளைவின் மறுபக்கம் தெரியும்வரை, தெரிகிற தூரத்துக்குள் நின்றுவிடக்கூடிய வேகத்தில் மட்டும் போக வேண்டும். மணிக்கு 60-இல் நீங்கள் கவனித்து பிரேக்கைத் தொடும் ஒரு நொடிக்குள்ளேயே வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அதற்குப் பிறகு பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

இன்னொன்று: பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்.

மலை இறக்கத்தில்?

ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதுதான் சரி. என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வந்தால் சூடேறி, ஆயில் கொதித்து, லீவர் பஞ்சு போல உள்ளே போய்விடும். என்ஜினை அணைத்துவிட்டோ நியூட்ரலிலோ இறங்கவே வேண்டாம்.

இருட்டிய பிறகு ஓட்டலாமா?

உள்சாலையில் கூடாது. விளக்கில்லாத வண்டிகள், சாலையில் படுத்திருக்கும் மாடுகள், குறுக்கே பாயும் விலங்குகள் எல்லாம் அந்த நேரத்தில்தான். சூரியன் மறையும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தங்குமிடத்தில் இருக்கும்படி திட்டமிடுங்கள். மலைநாட்டில் வெயில் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும், ஆகவே இரண்டு மணி நேரம்.

மாலை வெயிலில் ஓட்டும்போது உங்கள் நிழலைக் கவனியுங்கள். அது உங்களுக்கு முன்னால் நீளமாக விழுந்தால், எதிரே வருபவரின் கண்ணில் சூரியன் அடிக்கிறது. உங்களுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும், அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

தனியாகப் போகலாமா?

போகலாம். தினமும் மாலையில் எங்கே இருக்கிறோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவரிடம் முன்பே பேசி வையுங்கள். இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டாரின் போன் எண் எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். பல நாடுகளில் 112 அவசர எண்ணாக இருக்கிறது. உங்கள் மொபைல் நிறுவனத்தின் சிக்னல் இல்லாதபோதும், வேறொரு நெட்வொர்க் கிடைத்தால் போன் அதன் வழியாக அந்த அழைப்பை அனுப்பும்.

குழுவாகப் போனால் நான்கு வண்டிக்கு மேல் வேண்டாம். அனுபவம் குறைந்தவர் இரண்டாவதாக வரட்டும். திருப்பம் வந்தால் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை முன்னவர் காத்திருக்க வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் யாரும் தொலைய மாட்டார்கள், யாரும் துரத்தவும் மாட்டார்கள்.

மழை வந்தால் நிறுத்தவா, ஓட்டவா?

முதல் பதினைந்து இருபது நிமிடம் ஒதுங்கி நில்லுங்கள். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில்தான் வழுக்கும், நன்றாகப் பெய்து கழுவிய பிறகு பிடிப்பு ஓரளவு திரும்பும். இரும்புத் தகடு, வெள்ளைக்கோடு, உதிர்ந்த இலை மூன்றின் மேலும் வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடந்து போங்கள். சாலையைக் கடந்து ஓடும் நீரின் அடி தெரியவில்லை என்றால் இறங்காதீர்கள், திரும்பிவிடுங்கள். இடிமின்னல் என்றால் ஓட்டவும் வேண்டாம், மரத்தடியில் ஒதுங்கவும் வேண்டாம், கட்டடத்துக்குள் போங்கள்.

தங்குமிடங்களை எல்லாம் முன்பதிவு செய்துவிடலாமா?

முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் மட்டும். நடுவில் உள்ள நாட்களைத் திறந்து வையுங்கள். முன்பணம் கட்டிய அறை 90 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் மழையிலும் இருட்டிலும் அங்கேயே போகத் தோன்றும். திருவிழா, விடுமுறைக் காலமென்றால் மட்டும் இது பொருந்தாது.

முதல்முறை போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு இரவு தங்கும் பயணம். வீட்டிலிருந்து 120 கிலோமீட்டருக்குள் நீங்கள் இதுவரை திரும்பாத ஒரு கிளைச்சாலையைத் தேர்ந்தெடுங்கள். முழுச் சுமையும் கட்டி, அதே உடை, அதே ஷூ போட்டுக் கிளம்புங்கள். எந்தப் பை ஆடுகிறது, எந்தக் கையுறை விரலைக் கடிக்கிறது, எத்தனை மணி நேரத்தில் முதுகு வலிக்கிறது என்று மறுநாள் மாலைக்குள் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து மூட்டையை அவிழ்த்ததும், தொடவே தொடாத பொருட்களை ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். மருந்துப்பை, பஞ்சர் சாமான், மழைக்கோட்டு இந்த மூன்றையும் மட்டும் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, மற்றவற்றை அடுத்த பயணத்துக்கு எடுக்காதீர்கள்.